லொறியில் ஏறிய எல்லை

வந்திருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நேபாளம் வந்திருந்தது. பூட்டான் வந்திருந்தது. பங்களாதேஷ் இரண்டு பெரிய மேளங்களோடு வந்திருந்தது. மாலைதீவு ஒரே ஓர் ஆளாக, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜேர்சி போட்டுக்கொண்டு, பல் தந்தியடிக்க வந்திருந்தது. எங்கள் நாட்டின் சார்பில் கண்டிய நடனக்காரர்கள் வந்திருந்தார்கள்.

வராதவை இரண்டு நாடுகள். மற்ற நாடு வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று ஒன்று சொன்னது. அதைக் கேள்விப்பட்ட மற்றது, அப்படியென்றால் எங்களுக்கும் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டது. கடைசியில் பார்த்தால், மற்றது வராததால் இரண்டுமே தாராளமாக வந்திருக்கலாம்.

இந்த ஏழும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிற நாடுகள். சேர்ந்து ஓர் ஒன்றியம் வைத்திருக்கின்றன. அந்த ஒன்றியத்தின் கலாசாரப் பிரிவு ஒரு திட்டம் போட்டது. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இளம் கலைஞர்களைத் திரட்டி ஊர் ஊராகக் கூட்டிப்போக வேண்டும். போகிற ஊரின் ஆட்டத்தை எல்லோருமாகப் பழகி ஒரே மேடையில் ஆட வேண்டும். அதன் வழியே 'பொது அடையாளம்' ஒன்றைக் கட்டியெழுப்ப வேண்டும். கட்டியெழுப்புதல் என்ற சொல்லில் ஒன்றியத்துக்கு அப்படி ஒரு பிரியம். அது இல்லாத பக்கமே அவர்களுடைய தாள்களில் கிடையாது.

மலைநாட்டுப் பகுதிக்கு மொழிபெயர்ப்பாளனும் ஒருங்கிணைப்பாளனுமாக என்னை எடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு என் பட்டத்தைவிடக் கழுத்தில் தொங்கிய அட்டைதான் பிடித்திருந்தது. தண்ணீர்ப் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு எல்லோரிடமும் சொன்னார்: "எம் புள்ளை ஏழு நாட்டுக்குப் பேசிக் குடுக்குறான். ஏழு நாடும் அவன் சொன்னாத்தான் வெளங்கிக்கும்."

லிந்துலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே வருடா வருடம் மாசியில் காமன் கூத்து நடக்கும். காமன் பொட்டல் என்கிற வெட்டவெளியில் கம்பம் நட்டு, மன்மதனுக்கும் ரதிக்கும் கலியாணம் செய்துவைத்து, பௌர்ணமியன்று சிவன் மன்மதனை எரிப்பார். மூன்றாம் நாள் அவன் எழுந்துவிடுவான். அதுவரை லயத்து வரிசை வீடுகள் எதுவும் தூங்காது. இந்தக் கூத்தைத்தான் நான் ஒன்றியத்துக்கு எழுதிக் கொடுத்தேன். எழுதச் சொல்லிப் பிடுங்கியெடுத்தவர் என் மச்சான், அக்காவின் கணவர்.

மச்சான் தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டுகிற மாடியில் வேலை செய்கிறார். தோள் இரண்டும் கதவு அகலம். மீசை அதற்குத் தோதானது. அந்த மீசை மாசி பிறந்ததும் காணாமல் போய்விடும், ஏனென்றால் எங்கள் தோட்டத்தின் ரதி அவர்தான்.

"மாப்ள," என்பார், "டீவியில நம்ம நாட்டு ஆட்டம்னு எதையெதையோ காட்டுறான். கண்டி டான்ஸ் காட்டுறான், வெளிநாட்டுக்காரன் கை தட்டுறான். நல்லதுதான். நம்ம ஆட்டத்த எப்ப காட்டுவான்? நாம என்னா, கொழுந்து மட்டுந்தான் ஏத்துமதி பண்ணணுமா?"

அதனால்தான் எழுதினேன். கொழும்பிலிருந்து திட்டத்தை நடத்திய அலுவலர், சிங்களப் பெண்மணி, நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம், படித்ததும் சம்மதித்துவிட்டார். ஹட்டனில் ஒரு மண்டபத்தை எடுத்தார். அழைப்பிதழ் அடித்தாயிற்று. ஒன்றியத்தின் துணைச் செயலாளரே வருவதாக ஏற்பாடு. செய்தியைச் சொன்ன அன்றைக்கு மச்சான் லயத்து வாசலில் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். இறக்கிவிட்ட பிறகும் எனக்கு மலை சுற்றிக்கொண்டிருந்தது.

லயத்தாருக்குத் திட்டத்தை விளக்கிச் சொல்வதும் என் வேலைதான். கூத்தைப் பழக்குகிற வாத்தியார் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பொது அடையாளம்னா என்னா தம்பி? ஏழு நாட்டுக்கும் சேத்து ஒரே ஐடென்டி காட்டா?"

"அப்படி இல்லைங்க வாத்தியாரய்யா. நாமெல்லாம் ஒண்ணுங்கிற நெனப்பு வர்றது."

"நமக்குன்னு ஒரு காட்டு எடுக்க நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் எத்தன கவருமெண்டு கந்தோரு ஏறி எறங்குனாங்க தெரியுமா? இவங்க வெறும் நெனப்பக் குடுத்துட்டுப் போயிருவாங்களா? செலவில்லாத வேலைதான்."

எல்லாம் தைப்பொங்கல் முடிந்த கையோடு நடந்திருக்க வேண்டியது. வரமாட்டோம் என்ற அந்த இரண்டு நாடுகளும் மனம் மாறக்கூடும் என்று ஒன்றியம் காத்திருந்தது. ஒருமுறை தள்ளிப்போட்டார்கள், இன்னொரு முறையும் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் குறித்த நாள், கம்பம் நட்டுக் காப்புக் கட்டிய பிறகு வந்து விழுந்தது.

வினை அங்கேதான் இருந்தது. ரதியும் மன்மதனும் ஆகிறவர்கள் கையில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டுவார்கள். கட்டிவிட்டால், காமன் எழும்புகிறவரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. இது எங்கள் தோட்டத்துச் சட்டம். காய்ச்சல் வந்தாலும் மருந்துதான் எல்லைக்குள் வரும், ஆள் வெளியே போகமாட்டார்.

மச்சானுக்கு இது வெறும் சட்டமும் அல்ல. அக்காவுக்குக் கலியாணமாகி வெகுகாலம் குழந்தை இல்லை. ரதி வேஷத்தை மூன்று வருடம் விடாமல் கட்டுகிறேன் என்று மச்சான் காமன் பொட்டலில் நேர்ந்துகொண்டார். இரண்டாம் வருடம் கட்டி முடித்து நாலைந்து மாதத்தில் அக்கா கர்ப்பமானாள். இது மூன்றாம் வருடம், அக்காவுக்கு ஏழாம் மாதம். எல்லையைத் தாண்டினால் நேர்த்தி முறியும். முறிந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டு அக்கா ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள்.

மிஸ் தோட்டத்துக்கே வந்துவிட்டார். காமன் பொட்டலில் கூட்டம் கூடியது.

"மேடையை இங்கேயே போட்டால் என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். தோட்ட நிர்வாகம் வெளிக்கூட்டத்துக்கு அனுமதி தராது, தந்தாலும் துணைச் செயலாளரின் கார் எங்கள் பாதையில் முதல் வளைவிலேயே படுத்துவிடும் என்று பதில் வந்தது.

"அப்படியானால் ரதி வேஷத்துக்கு வேறு ஒருவரைப் போடலாமே?"

வாத்தியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "காப்பு கட்டுனவன்தான் ரதி. வேற ஆளு சீலை கட்டுனா அது சீலை கட்டுன ஆளு. அந்தம்மாட்ட இத அப்புடியே சொல்லு."

அப்படியே சொன்னேன். மிஸ் அதைக் கையடக்கக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மச்சான் மீசை இல்லாத முகத்தோடு கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். போகவும் வழியில்லை, போகாமலிருக்கவும் மனமில்லை. அவ்வளவு பெரிய உடம்பு அப்படி நிற்பதைப் பார்க்க எனக்குத் தாளவில்லை. அக்காவுக்குத்தான் கோபம் வந்தது. ஏழாம் மாதக் கோபம்.

"இந்தாளு கனவுலகூட ஹட்டன் மேடையிலதான் ஆடுறாரு. தூக்கத்துல காலத் தூக்கி என்னைய ஒதைக்கிறாரு. தாண்டக்கூடாதுன்னா எல்லையையும் லொறியில ஏத்திக்கிட்டுப் போங்களேன்! பெரிய எல்லை!"

பொட்டலே கொல்லென்று சிரித்தது. வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து கம்பத்தடியில் ஒரு பிடி மண்ணை அள்ளினார், விரலுக்கிடையில் உதிர்த்துப் பார்த்தார்.

"சட்டம் என்னா சொல்லுது? காப்பு கட்டுன காலு தோட்டத்து மண்ண விட்டுப் போவக்கூடாது. அம்புட்டுதான? மண்ணு எங்க இருக்கணும்னு சொல்லலியே."

"ஐயோ வாத்தியாரய்யா, நான் சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன்!"

"வெளாட்டா வாயில வர்றதுதாம்மா வாக்கு." அவர் எழுந்து நின்றார். கூத்தில் எமன் வேஷம் கட்டுகிறவர், குரல் அதற்கேற்றது. "மண்ணு இந்தக் கம்பத்தடி மண்ணா இருக்கணும். காலு அதுலயேதான் நிக்கணும், அதுலயேதான் ஆடணும். ஒரு விரலு வெளிய பட்டுச்சு, நேர்த்தி போச்சு. பொறவு என்னைய வந்து கேக்காதீங்க."

மச்சான் அக்காவைப் பார்த்தார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"நானும் வர்றேன்," என்றாள். "நீங்கள்லாம் ஆட்டத்தப் பாருங்க. இவரு கால நான் பாத்துக்கிறேன்."

அதற்குப் பிறகு தோட்டத்துக்கே பைத்தியம் பிடித்துக்கொண்டது. பெரட்டுக் களத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும்போதே பேச்சு இதுதான். வேலை முடிந்ததும் ஆளாளுக்கு உர பேக்கைத் தூக்கிக்கொண்டு பொட்டலுக்கு வந்துவிடுவார்கள். மண்ணை அள்ளி, கல் பொறுக்கி, தேங்காய் துருவியதுபோல் பூவாக்கி மூட்டை கட்டினார்கள். கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்கிற சாக்குத்துணிப் படங்குகளைக் கழுவிக் கொண்டுவந்து, நான்கை ஒன்றாக வைத்துத் தைத்தார்கள். மேடையில் அதை விரித்து, அதன்மேல் மண்ணைப் பரப்புவதாகத் திட்டம். மலையில் வேலையை மேற்பார்க்க வந்த கண்டாக்கையாவே மூட்டை கட்டுகிறவர்களுக்குக் கயிறு பிடித்துக்கொண்டு நின்றார்.

நாடுகள் தலவாக்கலையில் தங்கி, தினமும் முச்சக்கர வண்டிகளில் ஏறிவந்து பழகின. மேடைக்கு வாத்தியார் தெரிந்தெடுத்துக் கொடுத்தது, மன்மதன் சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும்போது ரதி வழிமறிக்கிற இடம். கெட்ட கனவு கண்டேன், போகாதீங்க என்று ரதி அவனைச் சுற்றிச் சுற்றி ஆடவேண்டும். எரிப்பதை ஆடக்கூடாது, பௌர்ணமிக்கு முன்னால் எரித்தால் காமனுக்கு யார் பதில் சொல்வது?

நேபாளத்திலிருந்து வந்தவர்களில் ஒரு பெண் வெகு சூட்டிகை. மச்சான் சொல்லிக்கொடுக்கிற அடவை இரண்டு தரம் பார்த்தால் ஆடிவிடுவாள். மச்சானுக்கு ஆங்கிலம் வராது, அவளுக்குத் தமிழ் வராது. "கை", "கால்" என்ற இரண்டே சொற்களில் பாடம் நடந்தது. "கால்! கால்!" என்று மச்சான் கத்த, அவளும் "கால்! கால்!" என்று கத்திக்கொண்டு குதிப்பாள். மாலைதீவுப் பையன் குளிர் போகிறதே என்று எல்லோரையும்விட இரண்டு சுற்று அதிகமாக ஆடினான்.

"இந்த ரதி ஏன் அவனைத் தடுக்கிறாள்?" என்று நேபாளத்துப் பெண் ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

"கெட்ட கனவு கண்டிருக்கிறாள்."

"எங்கள் ஊரில் கனவு காண வேண்டியதில்லை. டிக்கெட் வந்தாலே போதும். விமான நிலையத்து வாசலில் தினமும் இந்தக் கூத்துத்தான் நடக்கிறது. என் அண்ணனை நான்கூட இப்படித்தான் மறித்தேன். போய்விட்டான்."

அதை மொழிபெயர்த்ததும் பொட்டலில் ஆளுக்கு ஆள் கதை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பங்களாதேஷ் மேளக்காரருக்கு வளைகுடாவில் இரண்டு மாமன்மார். கண்டிய நடனக்காரர் ஒருவருடைய தாயார் குவைத்தில். எங்கள் லயத்திலோ கதவுக்குக் கதவு ஒருவர் போயிருக்கிறார், கொழும்புக்கோ கடலுக்கு அப்பாலோ. போகாதே என்பதை அவரவர் பாஷையில் எப்படிச் சொல்வார்கள் என்று வாத்தியார் கேட்டார். "நஜாவ்" என்றாள் அவள். "ஜேயோ நா" என்றார் மேளக்காரர். "யன்ன எபா" என்றார் கண்டிக்காரர். வாத்தியார் எல்லாவற்றையும் ஆட்டத்தில் சேர்த்துவிட்டார். ஒன்றியம் கட்டியெழுப்பப் புறப்பட்ட பொருள் எங்கள் எல்லோர் வீட்டிலும் ஏற்கனவே கிடந்திருக்கிறது. மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். அவர் "என் தங்கை இத்தாலியில்" என்றார்.

நிகழ்ச்சி நாளன்று லிந்துலையிலிருந்து மரக்கறி ஏற்றுகிற லொறி வந்தது. பின்தட்டில் மண்ணைக் கொட்டி நான்கு விரல் தடிப்புக்கு மட்டம் தட்டினார்கள். மேடைக்கான மூட்டைகளை ஓரத்தில் அடுக்கினார்கள். மச்சான் காமன் பொட்டலிலேயே ரதியாகிவிட்டார். சிவப்புச் சீலை, ஜிகினா மார்ப்பட்டை, கண்ணில் மை. லொறியிலிருந்து மண்டபத்து வாசல்வரை நடக்க வேண்டுமே, அதற்கு என்ன வழி என்ற கேள்வி கடைசி நேரத்தில் வந்தது. தொழிற்சாலையிலிருந்து இரண்டு சோடி ரப்பர்க் கம்பூட்ஸ் கொண்டுவந்து, அவற்றுக்குள் மண்ணைப் போட்டு, ரதியையும் மன்மதனையும் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். முழங்கால்வரை கறுப்புக் கம்பூட்ஸ் அணிந்த ரதியை அன்றுதான் உலகம் முதன்முதலாகக் கண்டது.

"சிரிக்காத மாப்ள. உள்ள ஈரமா இருக்கு."

அக்கா முன்சீட்டில், மடியில் ரதியின் கிரீடத்தோடு. அவள் பக்கத்தில் மிஸ். வாத்தியாரும் தப்பு மேளம் அடிக்கிறவர்களும் நாடுகளும் நானும் பின்னால். பஸ் ஒன்று வந்திருந்தது, ஆனால் நாடுகள் அதில் ஏற மறுத்துவிட்டன. லொறி எல்லையைக் கடந்த இடத்தில் தப்பு முழங்கியது. பாலத்தடியில் நின்ற பிள்ளைகள் "எல்லை போவுது! எல்லை போவுது!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். மச்சான் கம்பியைப் பிடித்துக்கொண்டு மண்ணில் கால் ஊன்றி நின்றார். தலவாக்கலை தாண்டி அருவி பார்க்கிற இடத்தில் நின்றிருந்த வெள்ளைக்காரர்கள் அருவிக்கு முதுகைக் காட்டிவிட்டு எங்களைப் படமெடுத்தார்கள்.

கொட்டகலைக்குப் பக்கத்தில் பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார். லொறியின் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். மண். மண்ணை ஏற்றிப்போக அனுமதிப்பத்திரம் வேண்டும், எங்கே என்று கேட்டார்.

நான் கோப்பைப் புரட்டினேன். எல்லாவற்றுக்கும் தாள் வைத்திருந்தேன், மண்ணுக்கு மட்டும் வைத்திருக்கவில்லை. "மஹத்தயா, இது மண் இல்லை, எங்கள் தோட்டம்" என்று சிங்களத்தில் சொன்னேன். வாயில் வந்துவிட்டது.

அவர் மெதுவாக நிமிர்ந்து ரதியைப் பார்த்தார். கண்மையைப் பார்த்தார். கம்பூட்ஸைப் பார்த்தார். "இவர் யார்?"

மிஸ் இறங்கி வந்தார். ஒன்றியம், பொது அடையாளம், கட்டியெழுப்புதல் என்று நிதானமாக ஆரம்பித்தார். பாதியில் அக்கா முன்சீட்டு ஜன்னலால் தலையை நீட்டி, அவளுக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒரே மூச்சில் சொன்னாள்: அவர் என் புருஷன், கால் கீழே பட்டால் என் பிள்ளைக்கு ஆகாது, சீக்கிரம் விடுங்கள்.

பொலிஸ்காரர் அக்காவின் வயிற்றைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு, லொறிப் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போங்க, போங்க. திரும்பி வரும்போது மண்ணையும் கொண்டுவந்துவிட வேண்டும்." ரதியோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். அதற்கு ரதி இறங்கவில்லை, அவர்தான் ஏறினார்.

மண்டபத்தில் காவலாளி எங்களைப் பார்த்ததும் கதவை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார். மேடையில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. "ஒரு பிடி மண் உள்ளே வராது!" மிஸ் கெஞ்சினார், நான் கெஞ்சினேன். கடைசியில், படங்கு எவ்வளவு விரியுமோ அவ்வளவுக்குள் மட்டும், வெளியே ஒரு துளி சிந்தக்கூடாது என்று விட்டார். பொட்டலில் பழகிய வட்டத்தில் பாதிகூட அதில் வராது. மச்சான் படங்கைப் பார்த்தார். "பூனை ஆடுற எடம்," என்றார் மெதுவாக.

மேடையின் பின்வரிசையில் ஏழு நாடுகளுக்கும் பெயர்ப்பலகை வைத்து நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வராத நாடுகளின் நாற்காலிகளும் மரியாதைக்காகக் காலியாக இருந்தன. தப்படிக்கிறவர்கள் வந்து, காலியாக இருந்ததில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த இரண்டு நாடுகளில் ஒன்று, எங்கள் பூட்டன்மார் கப்பலேறி விட்டுவந்த நாடு. மறுநாள் பத்திரிகைப் படத்தில் எங்கள் மேட்டுலயத்து அண்ணன் தப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்த நாட்டின் பலகைக்குப் பின்னால் கம்பீரமாக இருக்கிறார்.

அக்காவுக்கு முன்வரிசையில், துணைச் செயலாளருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. விளக்கு அணைந்தது. தப்பு எழுந்தது, அதன்மேல் பங்களாதேஷ் மேளம் ஏறியது. மன்மதன் வில்லோடு படங்கின் நடுவில் நின்றான். ரதி கம்பூட்ஸைக் கழற்றிச் சலங்கைக் காலோடு மண்ணில் இறங்கினார்.

மச்சான் முதலில் பார்த்துப் பார்த்துத்தான் ஆடினார். சிறிய அடி, சிறிய சுற்று. ஆனால் தப்பு விடுமா? இரண்டாம் சுற்றில் தோள் விரிந்தது. மூன்றாம் சுற்றில் அவர் மச்சானே இல்லை, ரதிதான். போகாதீங்க, போகாதீங்க என்று மன்மதனைச் சுற்றிப் பறந்தார். நாடுகள் வெளிவட்டமாக நின்று அவரவர் பாஷையில் மறித்தன. ஒவ்வொரு மிதிக்கும் மண் தெறித்தது. அவர் ஆடுகிற தடத்தில் மண் விலகி விலகி, படங்கின் நெசவு தெரியத் தொடங்கியது. சுற்று இன்னும் விரிந்தது. பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். அடுத்த அடி கம்பளத்தில்தான்.

"கால்!" முன்வரிசையில் அக்கா எழுந்துவிட்டாள். "கால்! கால்!"

மண்டபத்துக்கு அது என்னவென்று தெரியவில்லை. நேபாளத்துப் பெண்ணுக்குத் தெரியும். அவள் அறிந்த இரண்டு தமிழ்ச் சொற்களில் ஒன்று அது. ஆடிக்கொண்டே குனிந்தாள், குவிந்துகிடந்த மண்ணை இரு கையாலும் அள்ளி, ரதியின் கால் விழப்போகிற இடத்தில் பூப்போலத் தூவினாள். கால் விழுந்தது. எழுந்தது. அடுத்த இடத்தில் தூவினாள். பூட்டான்காரர்கள் பார்த்துவிட்டார்கள், அவர்களும் குனிந்தார்கள். மாலைதீவுப் பையன் ஜேர்சியின் முன்பக்கத்தில் மண்ணை அள்ளிக்கொண்டு ஓடினான். கண்டிக்காரர்கள் தாளத்தோடு குனிந்து, தாளத்தோடு தூவி, தாளத்தோடு நிமிர்ந்தார்கள். ரதி போகிற பக்கமெல்லாம் தோட்டம் முன்னால் ஓடியது. படங்கும் தெரியவில்லை, கம்பளமும் தெரியவில்லை. நஜாவ், ஜேயோ நா, யன்ன எபா, போகாதீங்க. எல்லோரும் மண்ணாக நின்றார்கள். வாத்தியார் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "தம்பி, இதுதாண்டா அது! இதுதாண்டா அது!" எது என்று நான் கேட்கவில்லை.

கைதட்டல் ஓய நேரமாயிற்று. துணைச் செயலாளர் மேடையேறி, பகிர்ந்துகொண்ட மண் என்ற அந்த உன்னதக் கற்பனையைப் பாராட்டுகிறேன் என்றார். மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதில் கேட்டார்: "இதை எப்போது பழகினீங்க?"

"இப்பத்தான் மிஸ்."

திரும்பும்போது லொறி ஹட்டன் தாண்டுகிறவரை சிரிப்பும் பாட்டும்தான். மச்சான் மட்டும் சேரவில்லை. முன்சீட்டுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியைத் தட்டி, அக்காவிடம் குனிந்தார்.

"ஏ புள்ள, பட்டுச்சா?"

தப்பு நின்றது.

"குதிகாலு ஒருதரம் வெளிய போச்சு," என்றாள் அக்கா. "நான் பாத்தேன். ஆனா கீழ வரும்போது அங்க மண்ணு இருந்துச்சு. அந்தப் புள்ளை போட்டது."

"நெசமாவா?"

"எம் வயித்துப் புள்ளை மேல சத்தியமா. வேற எதையாச்சும் பாத்தனா நான்? ஒங்க மொகங்கூட எனக்குத் தெரியல. எல்லாரும் ஆட்டம் நல்லாருந்துச்சுங்கிறாங்க. நான் காலத்தான் கண்டேன்."

வாத்தியார் கனைத்தார். "அப்ப சரி," என்றார். தப்பு மறுபடி எழுந்தது.

பௌர்ணமியன்று மன்மதனை எரித்தார்கள், மூன்றாம் நாள் எழுப்பினார்கள். மச்சான் காப்பை அவிழ்த்த அன்று காலையே நேபாளத்துப் பெண் காத்மண்டுவிலிருந்து குரல்பதிவு அனுப்பியிருந்தாள்: அவன் எழுந்துவிட்டானா? மச்சான் என் போனைப் பிடுங்கி வாயருகே வைத்துக்கொண்டு, "எழுந்தாச்சு! கால்! கால்!" என்று கத்தினார். சித்திரை கழியும்போது அக்காவுக்குப் பெண் பிறந்தது. நல்ல சுகம். மகள்காரி தொட்டிலைத் தன் காலாலேயே ஆட்டிக்கொள்கிறாள். மச்சானின் மீசை திரும்ப வந்துவிட்டது.

மண்டபத்திலிருந்து பில்லும் வந்தது. லொறிக் கூலி தனியாக இருந்தது. மிஸ் எவ்வளவோ மன்றாடியும், மண் என்ற வகைக்கு ஒன்றியத்தின் கணக்கில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வாத்தியார் தப்புக் கோஷ்டியைக் கூட்டிக்கொண்டு, எமன் வேஷத்தோடேயே லயம் லயமாக வசூலுக்குப் போனார். கொடுத்தவர்கள் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார்கள். கம்பளம் கழுவியது, திரை தோய்த்தது, பின்பக்கக் கழிவுநீர்க் காணில் அடைத்த மண்ணை எடுத்தது, லொறி, டீசல் எல்லாம் சேர்த்து நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.